பெட்டியில் அச்சிட்ட வேகமும் குழலில் அளந்த வேகமும்: ஸ்காட்லாந்து எஸ்டேட் ஒன்று செப்புக்குண்டுக்கு மாறிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய எஸ்டேட்டில், அதாவது தனியார் மலைநிலத்தில், 2023 இலையுதிர் காலம் முதல் 2025 பிப்ரவரி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். எஸ்டேட்டின் பெயரையும் அங்குள்ளவர்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். உரிமையாளர், முப்பது ஆண்டு அனுபவமுள்ள தலைமை வேட்டையாளர், அவரிடம் தொழில் பழகிய இளைஞர் ஆகிய மூவரும் இதில் முதன்மையானவர்கள். நான் அங்கே கணக்கும் பதிவேடும் பார்த்தவன். துப்பாக்கி பிடித்தவன் அல்லன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றமாக மட்டுமே அறியப்படுவதால், இங்குள்ள நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மானை உண்ணும் பெரிய விலங்கு எதுவும் இப்போது இல்லாததால், மான்கள் பெருகி, இளங்கன்றுகளாக முளைக்கும் பைன் மரங்களையும் பிர்ச் மரங்களையும் வளரவிடாமல் மேய்ந்துவிடுகின்றன. ஆகவே ஆண்டுதோறும் ஒரு பங்கைச் சுட்டுக் குறைப்பது நிலம் வைத்திருப்போரின் பொறுப்பாகவே கருதப்படுகிறது. அந்த இறைச்சி கடைக்குப் போகிறது. செம்மான் பிணைகளை, அதாவது பெண்மான்களை, சுடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை.

சொற்களில் ஒரு தெளிவு தேவை. தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அதிலிருந்து குழல் வழியே பறந்து செல்லும் உலோகத் துண்டு. இந்த ஆய்வு குண்டைப் பற்றியது.

எஸ்டேட்டில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டது ‘.243’ ரைபிள்; அந்த எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது. புதர்க்காட்டில் எளிதாகத் தூக்கிச் செல்லவும், முனையில் சத்தம் குறைக்கும் குழாயைப் பொருத்திய பிறகும் நீளம் மிகாமல் இருக்கவும், அதன் குழல் 18 அங்குலமாக வெட்டப்பட்டிருந்தது. அதில் போட்டது 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ ஆறரை கிராம் எடையுள்ள, மென்முனை ஈயக்குண்டு.

ஈயத்தை விட வேண்டிய கட்டாயம்

2023 செப்டம்பரில், எங்களிடம் மான் உடல்களை வாங்கிவந்த இறைச்சி வியாபாரி, அடுத்த பருவம் முதல் ஈயமில்லாத குண்டால் சுடப்பட்டவற்றை மட்டுமே எடுப்பேன் என்று எழுத்து மூலம் தெரிவித்தார். தலைமை வேட்டையாளர் இதை நகரத்தார் ஆசை என்று ஒதுக்கினார். அவர் சொன்னதை முற்றாகத் தள்ளவும் முடியாது, ஏனெனில் ஈயக்குண்டால் மான் விழும் விதத்தை அவர் ஆயிரக்கணக்கான முறை கண்டிருக்கிறார்.

ஆனால் வியாபாரியின் பக்கத்திலும் காரணம் இருந்தது. மென்முனை ஈயக்குண்டு மானின் உடலுக்குள் விரியும்போது சிறு துணுக்குகளாகச் சிதறுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறை 2008இல் ஆட்டு உடல்களில் சுட்டுப் பார்த்த சோதனையில், வேகமாக விரியும் வகை ஈயக்குண்டுகள் ஓர் உடலுக்குச் சராசரி 141 துணுக்குகளை விட்டன. அவை காயத்தடத்திலிருந்து சராசரி 11 அங்குலம் வரை பரவியிருந்தன. காயத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் வெட்டி எறிந்தால் போதும் என்ற வழக்கம் இதன் முன் நிற்காது. கழுவினாலும் பயனில்லை, ஈயம் வேறு இடத்துக்குப் பரவுகிறது என்பதையும் அதே சோதனை காட்டியது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் ஈயத்தால் சுடப்பட்ட வேட்டை இறைச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிரித்தானிய உணவுத் தர முகமையின் நெடுநாள் அறிவுரை. மலையில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளின் கதை வேறு.

இந்த விவாதத்தை முடித்தது உரிமையாளரின் கணக்குதான். வாங்க ஆளில்லாத மான் உடலை என்ன செய்வது?

முதல் தேர்வு

ஈயத்துக்கு மாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் முழுச் செம்பால் ஆன குண்டு. ஈயத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.9 கிராம். ஒரே விட்டத்தில் ஒரே எடை வேண்டுமானால் செப்புக்குண்டு நீளமாகத்தான் இருக்க முடியும். நீளமான குண்டு நேராகப் பறக்க, குழலின் உட்புறப் புரி அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். எங்கள் ரைபிளில் புரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுழற்சி 100 கிரெயின் செப்புக்குண்டைத் தாங்குமா என்பது ஐயம். 80 கிரெயின் குண்டுக்குப் போதும்.

ஸ்காட்லாந்தின் 1985ஆம் ஆண்டு மான் துப்பாக்கி ஆணை, ரோ மான் என்ற சிறிய வகை தவிர்ந்த மற்ற மான்களுக்குக் குண்டின் எடை குறைந்தது 100 கிரெயின் இருக்க வேண்டும் என்று வைத்திருந்ததால், ‘.243’ வைத்திருப்போர் செப்புக்கு மாற வழியில்லாமல் இருந்தார்கள். 2023 நவம்பரில் அந்த வரம்பு 80 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. இதைப் படித்த அன்றே உரிமையாளர் 80 கிரெயின் செப்புத் தோட்டாக்களை மொத்தமாக வாங்கச் சொன்னார். வாங்கினோம்.

வேகமும் ஆற்றலும் பற்றிய ஆணையின் நிபந்தனைகள் மாறவில்லை என்பதை நாங்கள் படிக்காமல் இல்லை, படித்தும் பொருட்படுத்தவில்லை. குழல்வாயில் குண்டின் வேகம் நொடிக்கு 2,450 அடிக்கும், ஆற்றல் 1,750 அடி-பவுண்டுக்கும் குறையக் கூடாது. பெட்டியில் 3,350 அடி வேகம் என்று அச்சிட்டிருந்தது. அதன்படி ஆற்றல் சுமார் 1,990 வருகிறது. தாராளமாகத் தேறுகிறது என்று பதிவேட்டில் எழுதியவன் நானே.

டிசம்பரில் கண்டவை

குழலில் படிந்திருந்த பழைய கசடை நன்றாகத் துடைத்துவிட்டு, நூறு மீட்டரில் புதிய குண்டுக்குக் குறி சரிசெய்தோம். ஐந்து குண்டுகளும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன. தலைமை வேட்டையாளரே திருப்தியோடு தலையசைத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் மலைக்குப் போனார்கள்.

முதல் பிணை சுமார் 110 மீட்டரில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், விலா எலும்புகளுக்கு நடுவே குண்டு பாய்ந்தது. வழக்கமாக அந்த இடத்தில் பட்டால் சில எட்டுகளில் விழும் மான், ஒன்றும் படாததுபோல் மந்தையோடு ஓடி மேட்டுக்கு அப்பால் மறைந்தது. தரையில் இரத்தம் ஏறக்குறைய இல்லை. குறி தவறிவிட்டது என்றே இளைஞர் நினைத்தார். ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் தள்ளி, கரிமண் பள்ளம் ஒன்றில் அது செத்துக் கிடந்தது. இரண்டாவது பிணையும் அப்படியே, தூரம் மட்டும் சற்றுக் குறைவு.

மூன்றாவதுதான் எல்லோரையும் உலுக்கியது. 220 மீட்டர் தூரம், மாலை வெளிச்சம், மான் சற்றே சாய்ந்து நின்றிருந்தது. குண்டு பட்ட ஓசை கேட்டது. மான், மரம் நட்டு வளர்த்த தோட்டக்காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் நாயை வைத்துக் கண்டுபிடித்தபோது உடல் வீங்கியிருந்தது, இறைச்சிக்கு உதவாது. அந்த இரவில் அது எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று எவருக்கும் தெரியாது. தலைமை வேட்டையாளர் அந்தப் பெட்டியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு, இதை இனி ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அளவீடு

அதுவரை எவரும் அந்த ரைபிளில் குண்டின் வேகத்தை அளந்ததில்லை. முப்பது ஆண்டு தொழிலில் அதற்குத் தேவை வரவில்லை என்றார் தலைமை வேட்டையாளர், அது உண்மைதான். பக்கத்து எஸ்டேட்டில் வேகமானிக் கருவி ஒன்றை இரவல் வாங்கி, ஜனவரியில் ஒரு குளிர்ந்த காலையில் பத்துக் குண்டுகளைச் சுட்டு அளந்தோம்.

80 கிரெயின் செப்புக்குண்டின் சராசரி வேகம் நொடிக்கு 3,105 அடி. பெட்டியில் இருந்த எண்ணைவிட 245 அடி குறைவு. காரணம் எளியது. தயாரிப்பாளர் 24 அங்குலக் குழலில் அளந்து அச்சிடுகிறார். எங்கள் குழல் ஆறு அங்குலம் குட்டை. வெடிமருந்தின் அழுத்தம் குண்டைத் தள்ளும் தூரம் குறைந்தால் வேகமும் குறையும், குளிரில் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் கொண்டு ஆற்றலைக் கணக்கிட்டபோது சுமார் 1,710 அடி-பவுண்டு வந்தது. 80 கிரெயின் குண்டு 1,750ஐத் தொட வேண்டுமானால் ஏறத்தாழ 3,140 அடி வேகம் வேண்டும். அதாவது எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில், 1991ஆம் ஆண்டு மான் சட்டம் கேட்கும் 1,700ஐ இந்தக் குண்டு தாண்டிவிடும். நாங்கள் நிற்கும் மலையில் செம்மானுக்கு அது போதாது.

எந்தக் குழலில் அளந்த ஆற்றலைச் சட்டம் கருதுகிறது என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். எங்கள் குழலில் வராத வேகத்தை எங்கள் குண்டுக்கு உரியதாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. உரிமையாளர் அன்றே எழுத்து மூலம் அந்தத் தோட்டாவைச் செம்மானுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினார். ஏற்கெனவே சுட்டவை பற்றித் தம் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டார்.

கருவி கையில் இருந்ததால் பழைய 100 கிரெயின் ஈயக்குண்டையும் அளந்தோம். 2,830 அடி, சுமார் 1,780 அடி-பவுண்டு. அதுவும் மயிரிழையில்தான் தேறியது. இவ்வளவு காலமும் வரம்பின் விளிம்பில் நின்றதை எவரும் அறிந்திருக்கவில்லை.

இரண்டு கேள்விகளைப் பிரித்தது

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நாங்கள் மிக அருகில் வந்தோம். வேகம் குறைவு என்று தெரிந்தவுடன், மான்கள் ஓடியதற்கும் அதுவே காரணம் என்று எல்லோருக்கும் தோன்றியது. இளைஞர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. செப்புக்குண்டு நன்றாக விரிய, படும் நேரத்தில் நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகம் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 3,105 அடியில் கிளம்பிய குண்டு 220 மீட்டரிலும் 2,000 அடிக்கு மேலாகவே போயிருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே குண்டு விரியாமல் போனது என்று சொல்ல இடமில்லை. இரண்டாவது பிணையின் உடலில் வெளியேறிய துளை உள்ளே போன துளையைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்ததும் அதையே சொன்னது.

அப்படியானால் என்ன நடந்தது? மூன்று உடல்களிலும் குண்டு பட்ட இடத்தைப் பதிவேட்டுப் படங்களில் மறுபடி பார்த்தோம். முதல் இரண்டிலும் குண்டு நுரையீரலின் பின்பகுதியைத்தான் கடந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் பின்னால், ஒரு நுரையீரலின் ஓரத்தையும் ஈரலையும் மட்டும் தொட்டிருந்தது. தலைமை வேட்டையாளர் தோள் இறைச்சி கெடாமல் இருக்க, வாழ்நாள் முழுவதும் குறியைச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியவர். ஈயக்குண்டு துணுக்குகளாகச் சிதறி நெஞ்சறை முழுவதையும் கிழித்ததால், அந்தப் பழக்கத்தின் பிழை அவருக்குத் தெரியவே இல்லை. செப்புக்குண்டு சிதறுவதில்லை, பூப்போல் மடல் விரித்து, எடை குறையாமல், ஒரே தடமாகத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடுகிறது. அந்தத் தடத்தில் என்ன இருக்கிறதோ அது மட்டுமே அழியும்.

எனவே சட்டம் கேட்கும் ஆற்றல் ஒரு சிக்கல், குறி வைக்கும் இடம் மற்றொரு சிக்கல். முதலாவதைத் துப்பாக்கிக் கடையில் தீர்க்கலாம். இரண்டாவதை ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தேர்ந்த தொழிலாளியின் கையில் திருத்த வேண்டியிருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது என்பதில் இரண்டு வாரம் போனது. கடைசியில் படங்களை வரிசையாக மேசையில் பரப்பிவைத்தோம். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நெடுநேரம் பார்த்துவிட்டு, இனி முன்னங்காலின் கோட்டிலேயே வைக்கிறேன் என்றார்.

எடுத்த முடிவுகள்

அந்தப் பருவத்தின் எஞ்சிய நாட்களுக்கு, வியாபாரியின் கெடு அடுத்த பருவத்தில்தான் தொடங்குகிறது என்பதால், 100 கிரெயின் ஈயக்குண்டுக்கே திரும்பினோம். இது எனக்கு உவப்பான முடிவு அன்று. ஆனால் அளந்து தேறிய ஒன்றை விட்டுவிட்டு, பாதிப் பருவத்தில் அளக்காத இன்னொன்றைத் தேடுவது அதைவிட மோசம் என்று உரிமையாளர் சொன்னது சரியே.

அடுத்த பருவத்துக்கு மூன்று வழிகள் பேசப்பட்டன. தோட்டாக்களை நாமே மருந்து நிரப்பிச் செய்து வேகத்தைக் கூட்டலாம் என்பது இளைஞரின் யோசனை. அழுத்தத்தின் உச்சத்துக்கு அருகில் வேலை செய்ய வேண்டியிருக்கும், அதற்குரிய நேரமும் பொறுமையும் பருவ வேலையில் கிடைக்காது என்பதால் அதை விட்டோம். ‘.243’க்கே நீளமான குழல் மாட்டலாம் என்பது இரண்டாவது. அப்படிச் செய்தாலும் வரம்பைத் தாண்டும் அளவு சிறிதாகவே இருக்கும். குட்டைக் குழலின் வசதியும் போய்விடும். மூன்றாவது, ‘.308’ ரைபிள் ஒன்றை வாங்குவது. விட்டம் பெரிதானால் குண்டின் எடையும் கூடும், குழல் குட்டையாக இருந்தாலும் ஆற்றலுக்குப் பஞ்சம் வராது. உதைப்பு அதிகம் என்பதே குறை. சத்தம் குறைக்கும் குழாய் அதையும் ஓரளவு தணிக்கும். அதைத் தேர்ந்தோம். துப்பாக்கிச் சான்றிதழில் மாற்றம் கோரி காவல்துறைக்கு விண்ணப்பித்து, கோடையில் 20 அங்குலக் குழலுள்ள ரைபிள் வந்து சேர்ந்தது.

இம்முறை மொத்தமாக வாங்கவில்லை. மூன்று எடைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி, எல்லாவற்றையும் வேகமானியின் முன் சுட்டோம். 165 கிரெயின் குண்டு எங்கள் குழலில் பரவலாக விழுந்தது. வேறொரு குழலில் அதுவே நன்றாக இருந்திருக்கலாம். 150 கிரெயின் 2,690 அடியும் 130 கிரெயின் 2,905 அடியும் காட்டின. ஆற்றல் முறையே சுமார் 2,410, 2,435. இரண்டும் வரம்புக்கு மிக மேலே இருப்பதால் எடை கூடியதே சிறந்தது என்று தலைமை வேட்டையாளர் சொன்னார். ஈயத்தில் அந்த விதி பெரும்பாலும் சரி. செம்பில், படும் வேகம்தான் குண்டை விரிக்கிறது. எடை குறையாமல் நிற்பதால் இலகுவான குண்டும் ஆழமாகத் துளைக்கும். ஆகவே 130 கிரெயினை எடுத்துக்கொண்டு, சுடும் தூரத்தை 200 மீட்டருக்குள் வரையறுத்தோம்.

செப்புக்குண்டு பெரும்பாலும் மானைத் துளைத்து வெளியேறும் என்பதால், பின்னால் மண்மேடு இல்லாத இடத்திலும், ஒரு மானுக்குப் பின் இன்னொன்று நிற்கும்போதும் சுடுவதில்லை என்ற பழைய விதியை எழுத்திலும் வைத்தோம். சுட்ட இடத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் பத்து நிமிடம் காத்திருப்பது, இரத்தம் இல்லை என்பதைக் குறி தவறியதற்குச் சான்றாகக் கொள்ளாதிருப்பது, நாய் எப்போதும் வண்டியில் இருப்பது ஆகியவையும் அதில் சேர்ந்தன.

அடுத்த பருவம்

2024 அக்டோபர் 21 முதல் அந்தக் குண்டு பயன்பட்டது. சுட்ட ஒவ்வொரு மானுக்கும் தூரம், குண்டு பட்ட இடம், ஓடிய தூரம், வெளியேறிய துளை ஆகியவற்றை இளைஞர் பதிவு செய்தார். தோள்பட்டையின் கோட்டில் பட்டவை நின்ற இடத்திலோ சில எட்டுகளிலோ விழுந்தன. பழக்கதோஷத்தில் பின்னால் பட்ட சில, முந்திய ஆண்டைப் போலவே ஓடின. ஆனால் எல்லாம் அன்றே கிடைத்தன. இறைச்சிக்கு ஆகாமல் தொலைந்தது ஒன்றும் இல்லை. தோளில் சுட்டால் இறைச்சி பாழாகும் என்ற அச்சமும் பெரும்பாலும் வீணானது, ஏனெனில் சிதறாத குண்டு இரத்தம் கட்டிய சதையைக் குறைவாகவே விட்டது; வெட்டி எறிவது குறைந்ததை வியாபாரியே சொன்னார். தோட்டாவின் விலை கூடியது உண்மை. சுடப்படும் மான் ஒன்றுக்கு ஒரு தோட்டா என்ற கணக்கில் அது எஸ்டேட்டின் செலவில் தெரியும்படியான தொகை அன்று. குறி சரிசெய்யச் செலவாகும் தோட்டாக்கள்தாம் கையைக் கடித்தன.

2025 ஜூலையில் பிரித்தானிய அரசு ஈயத் தோட்டாக்களைக் கட்டுப்படுத்தும் முடிவை அறிவித்தபோது, எங்களுக்கு அதில் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, வேகமானியை வாங்குவதற்கு முன் தோட்டாவை வாங்கியிருக்கக் கூடாது. பெட்டியில் அச்சிட்ட எண் வேறு ஒருவரின் குழலைப் பற்றியது. ஒரு பெட்டித் தோட்டாவும் ஒரு காலைப்பொழுதும் செலவிட்டிருந்தால், மூன்று மான்கள் நல்ல விதமாகச் செத்திருக்கும். வழக்கறிஞருக்குக் கட்டணமும் மிச்சமாகியிருக்கும்.

மாற்றத்தை மலையில் தொடங்கியதும் தவறு. புதிய குண்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தொழிலாளியிடம் முன்கூட்டியே பேசி, குறி வைக்கும் இடத்தை மாற்றி, முதல் பத்து மான்களை 120 மீட்டருக்குள் மட்டும் சுடுவது என்று வரையறுத்திருக்க வேண்டும். நூறு மீட்டரில் தாளில் விழுந்த அழகான ஐந்து துளைகள், மானின் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டோம்.

உடல்களைத் திறந்து பார்த்து எழுதும் பழக்கம் முதல் மானிலிருந்தே இருந்திருந்தால், மூன்றாவதை 220 மீட்டரில் சுட்டிருக்க மாட்டார்கள் என்று தலைமை வேட்டையாளரே பின்னர் கூறினார். இதில் எனக்கு முழு உடன்பாடில்லை, அன்று வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம்.

‘.243’ விற்கப்படவில்லை. ரோ மானுக்கு ஸ்காட்லாந்துச் சட்டம் கேட்பது 50 கிரெயின் எடையும் 2,450 அடி வேகமும் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும்தான் என்பதால், மீதமிருந்த 80 கிரெயின் செப்புத் தோட்டாக்கள் எல்லாம் இப்போது தோட்டக்காட்டில் ரோ மானுக்கு மட்டும் பயன்படுகின்றன. பெட்டியின் மேல் 3,350 என்ற அச்சை அடித்துவிட்டு, 3,105 என்றும் அதற்குக் கீழே செம்மானுக்கு அன்று என்றும் மையால் எழுதிவைத்திருக்கிறோம்.